தந்தியின் மேல்வரி

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜோர்ஜ்டவுன் நகரின் ஆயர் ஈத்தாம் பகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடி வீடு. படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, திறன்பேசியை நீர்க்குவளையின்மேல் சாய்த்து வைத்துத் தன் தாத்தாவை அதன் முன் அமர்த்தினாள். நாகப்பட்டினத்தை அடுத்த சிற்றூரில் இருக்கும் சின்னத் தாத்தா திரையில் தோன்றினார். அவர் தாத்தாவுக்குச் சித்தப்பா மகன். "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர், அடுத்த சொல்லைத் தொடங்கும்போதே திறந்த வாயுடன் அசைவற்று நின்றுவிட்டார். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

"ஐயோ! எப்போதும் இப்படித்தான்," என்று பேத்தி சலித்துக்கொண்டாள். "இந்த இணையம் இன்று படுத்துவிட்டது, தாத்தா."

தாத்தாவுக்குச் சினம் வரவில்லை. அவர் எழுந்து சென்று, கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தார். வேட்டிகளுக்கும் பத்திரங்களுக்கும் இடையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாள் மஞ்சளாகப் பழுத்திருந்தது.

"எங்கள் வீட்டுக்குக் கடல் கடந்து வந்த முதல் அவசரச் செய்தி இதுதான்," என்றார்.

அது ஒரு தந்தி. நடுவில் ஆங்கில எழுத்துகளில் இரண்டே சொற்கள் இருந்தன. 'மதர் எக்ஸ்பயர்ட்.' தாயார் இறந்துவிட்டார் என்பது அதன் பொருள்.

1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தாத்தாவுக்கு அப்போது பதினொரு வயது. அவருடைய தந்தையார் செபராங் பிறையில் இருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தந்தியைக் கையில் வாங்கியதும் அவர் அதைத் திறக்கவில்லை. திறந்தாலும் படிக்கத் தெரியாது. அந்நாளில் தொழிலாளர் வீடுகளுக்குத் தந்தி வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் அது சாவுச் செய்தியாகவே இருக்கும். எனவே, தாளைப் பார்த்த அளவிலேயே லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டனர். தந்தையார் தந்தியை எடுத்துக்கொண்டு கிராணியின் வீட்டுக்கு நடந்தார். கிராணி படித்துப் பொருள் சொன்னார். திரும்பி வந்தவர் லயத்து வாசற்படியில் அமர்ந்தார். மேற்கு வானத்தில் மூன்றாம் பிறை மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

ஊருக்குப் போக வழியில்லை. பினாங்கிலிருந்து சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் 'ரஜுலா' போன்ற கப்பல்கள் சென்றன. ஆனால், அடுத்த கப்பல் வருவதற்கே நாள் கிடந்தது. வந்த பிறகும் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். மறுமொழித் தந்தியாவது அனுப்பலாம் என்றார் கிராணி. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். முகவரியில் உள்ள சொற்களுக்கும் கணக்கு உண்டு. கட்டணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அம்மாவைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசிவரை அவர் மறுமொழி அனுப்பவே இல்லை. மூன்றாம் பிறை தெரிந்த அந்த நாளையே தாயாரின் நினைவு நாளாகக் கொண்டு, ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில் விளக்கேற்றி வந்தார். அவருக்குப் பின் தாத்தாவும் அதே நாளில் விளக்கேற்றி வருகிறார்.

பேத்தி தந்தியை மெல்ல மடித்து வைத்தாள். அந்த வாரம் பள்ளியில் 'இணையத்தின் தோற்றம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முதல் வரியை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள்: 'இணையத்தின் கதை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது.'

தாத்தா அதைப் படித்துவிட்டு, "அமெரிக்காவில் தொடங்கியது சரிதான், அம்மா. ஆனால், அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே பினாங்கு ஒரு வலையில் மாட்டியிருந்தது, தெரியுமா?" என்று கேட்டார். அவர் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கப்பல்களைப் பற்றியும் கடலைப் பற்றியும் படிப்பதில் இன்றும் ஆர்வம் குன்றாதவர்.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் பேருந்தில் ஏறிப் பாடாங் கோத்தா லாமாவுக்குச் சென்றனர். கடற்சுவரின்மேல் அமர்ந்ததும், தாத்தா தண்ணீரைச் சுட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கினார்.

1870ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் ஒரு தந்திக் கம்பியை இறக்கிக்கொண்டே கப்பல்கள் பினாங்குக்கு வந்தன. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு அது. 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கம்பி பினாங்கிலிருந்து சிங்கப்பூரை அடைந்தது. அவ்வாண்டிலேயே அங்கிருந்து ஹாங்காங்குக்கும் கம்பி நீண்டது. மறுபக்கம், சென்னையிலிருந்து தரைவழியே பம்பாய்க்கும், அங்கிருந்து ஏடன், சூயஸ் வழியாக இலண்டனுக்கும் ஏற்கனவே தொடர்பு இருந்தது. கப்பலில் வாரக்கணக்காக வந்துகொண்டிருந்த செய்தி சில மணி நேரங்களில் வந்து சேரத் தொடங்கியது. ஈயத்தின் விலையும் மிளகின் விலையும் மாறிய அன்றே லெபோ பந்தாய் வணிகர்களுக்குத் தெரிந்துவிட்டன.

"கடல்நீர் பட்டால் மின்சாரம் கசிந்துவிடுமே, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

"நல்ல கேள்வி. அதற்கு விடை நம் காட்டில்தான் இருந்தது," என்றார் தாத்தா.

தீபகற்ப மலாயாவிலும் சுமத்திரா, போர்னியோ தீவுகளிலும் தாபான் என்னும் மரம் வளர்கிறது. அதன் பால் உறைந்தால் கிடைப்பது 'கெத்தா பெர்ச்சா'. மலாய் மக்கள் அதைக் கொண்டு கத்திகளுக்கும் பாராங்குகளுக்கும் கைப்பிடி செய்தனர். வெந்நீரில் இட்டால் குழையும், ஆறினால் இறுகும். 1840களில் இப்பொருள் இலண்டனை அடைந்தபோது, மின்சாரத்தைக் கசியவிடாத அதன் தன்மையை அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே எடுத்துரைத்தார். ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் அது கெடவில்லை. அன்று உலகெங்கும் இடப்பட்ட கடலடிக் கம்பிகள் இந்த மரப்பாலைத்தான் மேலாடையாகப் போர்த்திக்கொண்டன. அதற்காகத் தாபான் மரங்கள் காடு காடாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. இப்போது 'உலகை இணைத்த கம்பி' என்று புகழ்ந்து எழுதும்போது, அந்த மரங்களையும் அவற்றை வெட்டிய கைகளையும் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

"உன் கொள்ளுத் தாத்தா வெட்டியதும் பால்மரம். அவருக்கு வந்த தந்தியின் வழியைத் திறந்து வைத்ததும் ஒரு பால்மரம்," என்றார் தாத்தா.

கம்பி மட்டும் இருந்தால் போதாது. நெடுந்தொலைவு செல்லும் மின்குறி வழியிலேயே மெலிந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு நிலையத்திலும் பணியாளர் ஒருவர் விழித்திருந்தார். வந்து சேரும் மெல்லிய குறிகளைப் படித்து எழுதிக்கொண்டு, அடுத்த நிலையத்துக்கு அவற்றை மீண்டும் அனுப்பினார். இவ்வாறு கை மாறிக் கை மாறியே செய்தி உலகைச் சுற்றியது. ஒரு கம்பி அறுந்தால் அப்பகுதியே ஊமையாகிவிடும்.

இதைப் போரில் ஈடுபட்டவர்கள் நன்கு அறிந்திருந்தனர். முதல் உலகப் போரின்போது 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைமீது குண்டு வீசியது. அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நின்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பிறகு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகளுக்குச் சென்று, அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க முயன்றது. நிலையப் பணியாளர்கள் அதற்குள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டனர். அச்செய்தியைப் பெற்று விரைந்து வந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் நவம்பர் 9ஆம் நாள் எம்டனை வீழ்த்தியது. கைதேர்ந்த ஆளைத் தமிழர் 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வதுண்டு. அந்த எம்டனையே வீழ்த்தியது ஒரு செய்தி.

பேத்தி தன் குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொண்டாள். பிறகு, "இனி நான் சொல்கிறேன், தாத்தா," என்று தான் படித்ததைக் கூறினாள்.

1960களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே வழியைக் கண்டனர். ஒரு செய்தியை முழுதாக அனுப்பாமல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், எத்தனையாவது துண்டு என்பன போன்ற விவரங்களைத் 'தலைப்பாக' எழுத வேண்டும். வழியில் உள்ள கணினிகள் அந்தத் தலைப்பை மட்டும் படித்துப் பொட்டலத்தை அடுத்த கணினிக்குத் தள்ளிவிடும். ஒரு பாதை அறுந்தால் வேறு பாதையில் அனுப்பும். சேருமிடத்தில் துண்டுகள் ஒன்றுசேர்ந்து மீண்டும் செய்தியாகும். பழைய தந்தி நிலையத்தில் விழித்திருந்த மனிதரின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. அறுந்தால் சுற்றிப் போகும் அறிவும் அதற்குத் தரப்பட்டது.

இந்த முறையில் அமைந்த 'அர்பாநெட்' வலையமைப்பில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29ஆம் நாள் இரவு அனுப்பப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மாணவர் ஒருவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தின் கணினிக்குள் நுழைவதற்காக 'லாகின்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினார். 'எல்', 'ஓ' ஆகிய இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த கணினி செயலிழந்தது. சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பிறகே முழுச் சொல்லும் சென்றது.

"அப்படியானால் முதல் நாளே படுத்துவிட்டதா?" என்று தாத்தா சிரித்தார். "நீ இனிமேல் சலித்துக்கொள்ளக் கூடாது."

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பும் வழியைக் கண்டார். வெவ்வேறு வகையான வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளை வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டனர். 1983 ஜனவரி முதல் நாள் அர்பாநெட் முழுவதும் அவ்விதிகளுக்கு மாறியது. 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது, உலகளாவிய வலை என்ற திட்டத்தை முன்வைத்தார். 1993இல் செர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது.

பினாங்கும் இக்கதையின் வெளியே நிற்கவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் இன்டெல் உள்ளிட்ட மின்னணு நிறுவனங்கள் தொழிற்சாலைகளைத் திறந்தன. வயல்கள் இருந்த இடத்தில் சில்லுகள் உருவாயின. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே பணியில் சேர்ந்தனர். பேத்தியின் பாட்டியும் அவர்களில் ஒருவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லுகளில் இணைப்பது அவருடைய வேலையாக இருந்தது. அந்தச் சில்லு எந்த நாட்டுக்குப் போகும், எதற்குள் அமரும் என்பது அவருக்குத் தெரியாது. வேலை முடிந்து வீடு திரும்பும்போது கண் மட்டும் எரியும்.

மலேசியாவில் 1985இல் மைமோஸ் என்னும் நுண்மின்னணுவியல் நிறுவனம் தோன்றியது. 1987இல் அது 'ரங்கோம்' என்ற கணினி வலையமைப்பை உருவாக்கியது. 1992இல் 'ஜாரிங்' வழியாக நாடு உலக இணையத்துடன் இணைந்தது. இப்பணியில் முன்னின்றவர் முனைவர் முகமட் அவாங் லா. ஜாரிங் என்பது ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துச் சுருக்கம். மலாய் மொழியிலோ அச்சொல்லுக்கு வலை என்று பொருள். தெலுக் பஹாங் மீனவர்களின் கையில் இருப்பதும் ஜாரிங்; மாணவர்கள் உலகைத் தேடியதும் ஜாரிங்.

"எல்லாம் சரி," என்றார் தாத்தா. "என் அப்பா அந்தக் காலத்தில் இருந்திருந்தால் தமிழில் மறுமொழி அனுப்பியிருக்க முடியுமா?"

பேத்தி சற்றே தயங்கினாள். உடனே அனுப்பியிருக்க முடியாது என்பதே உண்மை.

தந்திக் குறிகள் முதலில் ரோமன் எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டவை. கணினிகளும் அவ்வழியே வந்தன. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'அஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. அவற்றுள் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. வலை விரிந்துவிட்டது, ஆனால், அந்த வலையில் தமிழால் பேச முடியவில்லை.

அக்குறையைப் போக்க முனைந்தவர்களில் நம் மண்ணைச் சேர்ந்தவர்களும் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 'முரசு' மென்பொருளை உருவாக்கி வளர்த்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, அந்நாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து உழைத்தார். அதன் பயனாக, 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது.

ஆயினும், ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளுக்கு ஒவ்வோர் எண்ணைக் கொடுத்திருந்தனர். ஒருவர் 'அம்மா' என்று எழுதி அனுப்பினால், வேறு எழுத்துரு வைத்திருந்தவரின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின. இதைத் தீர்ப்பதற்காக 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழ் சேர்க்கப்பட்டிருந்தது. கணினிகளும் கைப்பேசிகளும் மெல்ல மெல்ல அம்முறையை ஏற்றன. அதன் பிறகே பினாங்கில் எழுதிய 'அம்மா' நாகப்பட்டினத்திலும் 'அம்மா' ஆகவே போய்ச் சேர்ந்தது.

தாத்தா கடலைப் பார்த்தபடி, "நாற்பது ஆண்டுகள் தாமதம்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு பேத்தி கட்டுரையை மீண்டும் எழுத அமர்ந்தாள். தலைப்பு விவரம் தாங்கிய பொட்டலங்களைப் பற்றி எழுதியபோது, அவளுக்குத் திடீரென ஓர் எண்ணம் தோன்றியது. தந்தித் தாளை மறுபடியும் எடுத்து விளக்கருகே பிடித்தாள். நடுவில் இருந்த இரண்டு சொற்களையே எல்லாரும் இதுவரை படித்திருந்தனர். அவற்றுக்கு மேலே, மங்கிய எழுத்துகளில் ஒரு வரி இருந்தது. முதலில் நாகப்பட்டினம் என்ற ஊர்ப் பெயர். அடுத்து, சொற்களின் எண்ணிக்கை. அதை அடுத்து 9 என்ற நாள்; 1130 என்ற நேரம். ஓரத்தில் புக்கிட் மெர்தாஜாம் அஞ்சலக முத்திரை. அதிலும் 1958 டிசம்பர் 9 என்றே இருந்தது. அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் யாரோ குறித்திருந்தனர்: '12/12.'

"தாத்தா!" என்று அழைத்தாள். "இந்தத் தந்தி கடலைக் கடந்தது அன்றைக்கே. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தோட்டத்துக்கு வரத்தான் மூன்று நாள் ஆகியிருக்கிறது."

தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்தார். மேல்வரியின்மேல் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். தந்தி என்றால் அன்றே வந்துவிடும் என்று அவருடைய அப்பா நம்பியிருந்தார். அதனால்தான் தந்தி கைக்கு வந்த நாளையே அம்மா மறைந்த நாளாக எண்ணிக்கொண்டார். இடைப்பட்ட மூன்று நாளும் அந்தத் தாள் எங்கே கிடந்தது, யாருடைய மேசையில் தங்கியது என்பதைச் சொல்ல இனி யாரும் இல்லை.

பெருங்கடல் எளிதாகிவிடுகிறது; கடைசிச் சில மைல்களே கடினமாகின்றன. இன்றைய வலையமைப்புப் பொறியாளர்களும் இதைக் 'கடைசி மைல்' சிக்கல் என்றே குறிப்பிடுகின்றனர். சென்னையையும் பினாங்கையும் தொடும் 'வங்காள விரிகுடா நுழைவாயில்' என்னும் ஒளியிழைக் கம்பி இன்று கடலடியில் கிடக்கிறது. 1870இல் தந்திக் கம்பி இணைத்த அதே இரு கரைகள்! அதன் வழியே ஒளி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கடலைக் கடந்துவிடுகிறது. ஆயினும், 2020இல் சபா மாநில மாணவி ஒருவர், இணையவழித் தேர்வு எழுதுவதற்காக அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறி அமர வேண்டியிருந்தது. கம்பி நாட்டை அடைந்துவிட்டது என்பதாலேயே அது எல்லா வீடுகளையும் அடைந்துவிட்டது என்று பொருளாகாது.

பேத்தி திறன்பேசியை எடுத்துப் புலனத்தில் சின்னத் தாத்தாவுக்குத் தமிழில் தட்டினாள். "சின்னத் தாத்தா, எள்ளுப் பாட்டிக்கு நீங்கள் எந்த நாளில் படைக்கிறீர்கள்?"

இரண்டு நிமிடங்களில் மறுமொழி வந்தது. "கார்த்திகை அமாவாசைக்கு முதல் நாள், கண்ணு. அன்றைக்குக் காலையில்தான் போனார்கள். நல்ல மழை. அண்ணனுக்குத் தெரியுமே?"

தாத்தா அதைத் தாமே படித்தார். படித்துவிட்டு, பல்கனியில் போட்டிருந்த நாற்காலியில் போய் அமர்ந்தார். பிறை ஒளிந்துபோன நாளில் மறைந்தவருக்கு, பிறை தோன்றிய நாளில் அவருடைய மகன் அழுதிருக்கிறார். பங்காளிகள் இருவரும் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். தெரிந்ததாக நினைத்த ஒன்றை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பேத்தி அருகில் சென்று, "இனிமேல் நாளை மாற்றிவிடலாமா, தாத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாயி போன நாள் ஒன்று. அப்பாவுக்குச் செய்தி வந்த நாள் ஒன்று," என்றார் அவர். "இரண்டு நாளும் விளக்கேற்றுவோம், அம்மா."

பிறகு, அவளைப் பக்கத்தில் அமரச் சொன்னார். "தம்பிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நான் சொல்கிறேன், நீ எழுது. கொஞ்சம் நீளமாக இருக்கும்."

"எவ்வளவு நீளமானாலும் சொல்லுங்கள், தாத்தா," என்றாள் பேத்தி. "இதில் சொல்லுக்குக் கட்டணம் இல்லை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 1958ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மாலையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.